செவலை உறுமுவதை நாங்கள்தான் நிறுத்தினோம்

2023 மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அம்மா தொழுவத்தில் இரண்டு மாடுகளுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டு, மிச்சமிருந்த செவ்வந்தி மாலையை நாய்க்குப் போடச் சொன்னார். வருஷா வருஷம் போடுவதுதான். தங்கச்சி மகனுக்கு அப்போது ஆறு வயசு. "நான் போடுறேன் மாமா" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடினான். மாலை தலை வழியாக இறங்கி வலது காதில் மாட்டிக்கொண்டது. பொடியன் அதைப் பிடித்துக் கீழே இழுத்தான். அவ்வளவுதான். நாய் குரைக்கவில்லை, உறுமவில்லை. நான் திரும்புவதற்குள் பையனின் முன்கையில் பல் இறங்கிவிட்டது.

செவலை லேப்ரடார். கொஞ்சம் செம்மண் நிறம், அதனால் அம்மா வைத்த பேர். எங்கள் வீட்டில் மாடு, கன்று எல்லாவற்றுக்கும் அம்மாதான் பேர் வைப்பார், நாய்க்கும் அப்படியே வைத்துவிட்டார். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "லேப் கூடவா கடிக்கும்?" நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னமனூரில் பத்தொன்பது வருஷமாக மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். நாய்க்கடியோடு கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன். காயத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு வருவார்கள், சுண்ணாம்பு தடவி வருவார்கள், ஒருமுறை ஒரு அம்மா மிளகாய்ப்பொடி வைத்துக் கட்டியே வந்துவிட்டார். "மாத்திரை ஏதாச்சும் குடு தம்பி" என்பார்கள். மாத்திரையெல்லாம் கிடையாது, குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள், அப்புறம் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிச் சொல்லி அனுப்பியவன் நான். அன்றைக்கு என் வீட்டுக் குழாயடியில் என் தங்கச்சி மகனின் கையைப் பிடித்துக் கழுவும்போது, என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அவன் அழவே இல்லை. "செவலைக்கு என்னாச்சு மாமா?" என்றுதான் கேட்டான்.

இரண்டு பல் ஆழமாகப் பதிந்து ரத்தம் வந்திருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (ரேபிஸ் கிருமியை உடனே தடுக்கும் எதிர்ப்புப் புரத ஊசி) போட்டார்கள், தையல் போடவில்லை. தடுப்பூசி அன்றைக்கு ஒன்று, பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தவணை. செவலைக்கு வருஷம் தவறாமல் ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறோம். இருந்தாலும் பத்து நாள் நாயைக் கண்காணிக்கச் சொன்னார்கள். ரேபிஸ் பரப்பும் நிலையில் இருக்கிற நாய் அந்தப் பத்து நாளுக்குள் நோய் முற்றிச் செத்துவிடும் என்பது கணக்கு. வீட்டு நாய்க்கு ஊசி போட்டாயிற்றே என்று கடி வாங்கியவர் ஊசி போடாமல் இருப்பது பெரிய தப்பு. அதை மட்டும் எங்கே எழுதினாலும் எழுதுவேன்.

சரி, செவலை விஷயம். அன்றைக்கு ராத்திரியே தீர்ப்பு சொல்ல ஆள் வந்துவிட்டது. ருசி கண்டுவிட்டது, இனி விடாது என்றார் ஒருவர். கம்பம் மெட்டுப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடு என்றார் இன்னொருவர். தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அம்மா மட்டும் பின்கட்டில் சங்கிலியில் கிடந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, "நாலு வருஷமா கடிக்காதது இன்னைக்கு ஏன்யா கடிச்சுச்சு? அதக் கேளுங்கய்யா மொதல்ல" என்றார்.

அந்த வாக்கியத்துக்காகத்தான் மறுநாள் தேனிக்கு வண்டி பிடித்தேன்.

கால்நடை மருத்துவர் பெரியவர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நாயை மேஜையில் ஏற்றச் சொல்லவில்லை. தரையில் விட்டுவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி பத்து நிமிஷம் என்னோடு பேசிக்கொண்டே அவனைப் பார்த்தார். "தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு வச்சிருக்கான் பாருங்க" என்றார். நான் அதுவரை கவனிக்கவில்லை. கட்டுத்துணியால் வாயைக் கட்டிவிட்டு வலது காது மடலைத் திருப்பினார். உள்ளே கரும்பழுப்பாக, ஈரமாக, களிம்பு மாதிரிக் குறும்பி அப்பியிருந்தது. புளித்த மாவு வாடை அடித்தது. காது மடலின் உள்பக்கம் சிவந்து, தோல் தடித்துப் போயிருந்தது. காதின் அடியில் விரலை வைத்து லேசாக அழுத்தினார், பின்னங்கால் இரண்டும் நடுங்கின. வாய் கட்டியிருக்கவே, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"இது ஒரு வாரத்துல வந்ததில்ல. மாசக்கணக்கா இருக்கு" என்றார்.

நாயின் காதுத் துளை நம்முடையது மாதிரி நேராக உள்ளே போவதில்லை. முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்புகிறது. ஆங்கில எல் எழுத்து மாதிரி. தண்ணீர் போனால் சுலபத்தில் வெளியே வராது. லேப்ரடாருக்கு மேலே மடல் வேறு மூடிக்கொண்டிருக்கிறது. காற்றுப் போகாமல், ஈரம் காயாமல், உள்ளே பூஞ்சை வளரும். நாங்கள் என்ன செய்தோம்? ஞாயிற்றுக்கிழமை தோறும் முல்லைப் பெரியாற்றில் கொண்டுபோய் அவனை நீந்த விட்டோம். அவனும் குதிப்பான், குச்சியை எடுத்து வருவான். பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும். வீட்டுக்கு வந்து உடம்பைத் துடைத்துவிடுவோம், காதைத் துடைக்க ஒருநாளும் தோன்றவில்லை.

அடிக்கடி தலையை உதறுவான், காது மடல் படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்கும். ஈ மொய்க்கிறது என்று நினைத்தோம். சோபா ஓரத்தில் காதைத் தேய்ப்பான். அரிப்பு என்று நினைத்தோம். தலையைத் தடவப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "இப்பல்லாம் ரொம்ப வீம்பு" என்றாள் என் மனைவி. நாள் பூராவும் அடுத்தவர் வலிக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் நான். என் வாசலில் படுத்திருந்தவனின் வலி எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அடுத்துக் கேட்ட கேள்வியில்தான் நான் உடைந்து போனேன். "கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமியிருக்கணுமே, இதுக்கு முன்ன எப்பவாச்சும் உறுமினானா?"

உறுமினான். 2022 ஆடி மாசம் வாக்கில் ஆரம்பித்தது. சாப்பிடும்போது தட்டுப் பக்கம் போனால் உறுமினான். கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும்போது கையை நீட்டினால் உறுமினான். கடைக்கு வரும் ஒருவர், மூன்று நாய் வளர்த்தவர், "முளையிலேயே கிள்ளிருங்க. வீட்டுக்கு நீங்கதான் தலைவன்னு அதுக்குக் காட்டணும். உறுமுனா மூக்கு மேல ஒண்ணு போடுங்க" என்றார். போட்டேன். பேப்பரைச் சுருட்டி அடித்தேன். ஒருமுறை செருப்பால். மூன்று மாசத்தில் உறுமல் நின்றுபோனது. திருந்திவிட்டான் என்று சந்தோஷப்பட்டோம்.

"உறுமல் நின்னுச்சு. வலி நிக்கலையே" என்றார் டாக்டர். அதட்டலாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

உறுமல் என்பது நாய் நம்மிடம் "வேண்டாம், விலகிப்போ" என்று சொல்வது. கடிக்காமல் காரியத்தை முடித்துக்கொள்ள அதற்குத் தெரிந்த வழி அதுதான். அதைச் சொன்னதற்கு அடி விழுந்தால், சொல்லக் கூடாது என்று கற்றுக்கொள்ளும். உள்ளே இருக்கிற பயமும் வலியும் அப்படியே இருக்கும். இன்னும் சொன்னால் கூடிவிடும், ஏனென்றால் இப்போது கை நெருங்கினால் வலி மட்டுமில்லை, அடியும் வரும். "எச்சரிக்கையே இல்லாம கடிச்சிருச்சு" என்று சொல்லப்படும் கடிகளில் எத்தனை இப்படிப்பட்டவையோ என்று இப்போது யோசிக்கிறேன்.

உறுமலுக்கு முன்னாலேயே இன்னும் நிறையச் சொல்லும். அதை நான் பிறகுதான் படித்தேன், பிறகுதான் கண்ணால் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். பசியே இல்லாமல் உதட்டை நக்கும். தூக்கமே வராமல் கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் நம் பக்கம் வைத்திருக்கும், அப்போது கண்ணின் வெள்ளை பிறை மாதிரித் தெரியும். கடைசியில் உடம்பு அப்படியே விறைத்துச் சிலையாக நிற்கும். அந்த அசையாத நொடிதான் ரொம்ப ஆபத்து. வாலை ஆட்டினால் சந்தோஷம் என்று நினைப்பதும் சரியில்லை. வாலை உயரத் தூக்கி, விறைப்பாகச் சின்னச் சின்னதாக ஆட்டினால் அது சந்தோஷம் இல்லை. பொங்கலுக்கு எடுத்த போட்டோ ஒன்று போனில் இருக்கிறது. பொடியன் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். கடிக்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுத்தது. செவலையின் கண்ணில் அந்த வெள்ளைப் பிறை தெரிகிறது. வாய் இறுக மூடியிருக்கிறது, காது பின்னால் ஒட்டியிருக்கிறது. குடும்பமே அந்தப் போட்டோவை "எவ்ளோ அழகு" என்று வாட்ஸ்அப்பில் பகிர்ந்தது.

"தலைவன்" கதையைப் பற்றியும் தேடிப் படித்தேன், கோபத்தோடுதான் படித்தேன். அது ஓநாயிலிருந்து நாய்க்கு வந்த கதை. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்காகச் சண்டை போடுவதாக எழுதினார். ஓநாய் ஆய்வில் பெரிய பேர் எடுத்த டேவிட் மீச் 1970-இல் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தை ஊரெல்லாம் கொண்டுபோனது. அதே மீச் காட்டில் ஓநாய்களை வருஷக்கணக்காகப் பார்த்துவிட்டு, 1999-இல், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான், தலைமைக்கு அடித்துக்கொள்ளும் கூட்டம் இல்லை என்று எழுதினார். சொன்னவரே திருத்திக்கொண்டார். நாம் இன்னும் நாயை மல்லாக்கப் போட்டு அமுக்கிக்கொண்டிருக்கிறோம்.

செவலை விஷயத்தில் காது மட்டும்தான் காரணம் என்று முடித்துவிட முடியாது. அவனை மதுரையிலிருந்து வாங்கி வந்தபோது முப்பத்திரண்டு நாள் குட்டி. குட்டி எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவனுக்கு வலிக்கும் என்பதை அது அங்கேதான் கற்கும். ஒரு குட்டி ஓங்கிக் கடித்தால் இன்னொன்று வீலென்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். அந்தப் பள்ளிக்கூடத்தை அவன் பார்க்கவே இல்லை.

வந்ததும் இன்னொரு தப்பு செய்தோம். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்துவிடும் என்று பயந்து, ஊசியெல்லாம் முடியும்வரை நாலு மாசம் மாடியிலேயே வைத்திருந்தோம். பார்வோ பயம் நியாயமான பயம்தான், குட்டிகளைக் கொன்றுவிடும். ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான் குட்டியின் மனக்கதவு அகலத் திறந்திருக்கும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் இதை வருஷக்கணக்காக ஆராய்ந்து 1965-இல் புத்தகமாகவே போட்டார்கள். அங்கே நடந்த ஒரு சோதனையில், பதினான்கு வாரம் வரை மனிதத் தொடர்பு இல்லாமல் வளர்ந்த குட்டிகள் மனிதரைக் கண்டாலே காட்டு விலங்கு மாதிரி மிரண்டன. செவலை அந்த அளவுக்கு இல்லை. ஆனால் எங்கள் நான்கு பேரைத் தவிர யாரையும் பார்க்காமல் வளர்ந்தான். ஹெல்மெட் போட்டவர், காஸ் சிலிண்டர் உருட்டி வருகிறவர், ஓடி விளையாடும் சின்னப் பிள்ளைகள், எல்லாமே அவனுக்குப் புதுசு, புதுசு என்றால் பயம். தரையில் இறக்காமல் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் காட்டியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

அப்புறம் அந்தப் பொங்கல். வீட்டில் பதினாலு பேர். தெருமுனையில் விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய ஸ்பீக்கர் மூன்று நாளாக ஓயவில்லை. அவன் படுக்கிற இடத்தில் சித்தப்பா பாய் விரித்துவிட்டார். சரியான தூக்கம் இல்லை, சாப்பாடு நேரத்துக்கு இல்லை, காதில் வலி, உறுமினால் அடி விழும் என்ற நினைப்பு. அடுப்பில் பால் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. பொங்கி வழிந்த நொடியை மட்டும் நாங்கள் பார்த்தோம்.

கடையில் இந்தப் பேச்சு வந்தால் ஆளாளுக்கு ஒரு நாயைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒரு ரைஸ் மில்லில் நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் கோம்பை இன நாய், சங்கிலி எட்டும் தூரத்துக்கு யார் வந்தாலும் பாய்கிறது. ஓடி விலகவும் முடியாது, நெருங்கி மோந்து பார்க்கவும் முடியாது, அது வேறென்ன செய்யும். ஒரு வீட்டில் பதிமூன்று வயது பொமரேனியன், இரண்டு கண்ணிலும் புரை, தூங்கும்போது தொட்டால் விருட்டென்று கடிக்கிறது. குட்டி போட்டு நாலைந்து நாளான பெட்டை நாயிடம் குட்டியைத் தூக்கப் போய் விரல் கிழிந்து வந்தார் ஒருவர். இதெல்லாவற்றையும் "வெறி புடிச்சிருச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். கோபம் மாதிரித் தெரிவதில் பெரும்பாதி பயம், மிச்சத்தில் நிறைய வலி. நான் பார்த்தவரை அப்படித்தான்.

ஜாதி நாய் விஷயம் பேசாமல் போக முடியாது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் மத்திய அரசு 23 வகை நாய்களுக்குத் தடை சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பி, ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்திருந்தது. என் கருத்து இரண்டு பக்கமும் சாயும். 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு 18,000-க்கும் அதிகமான நாய்களைப் பார்த்துவிட்டு, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வித்தியாசத்தில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்குகிறது என்றது. லேப் கடிக்காது என்று நம்பிக் கெட்டவன் நான், அதனால் இனத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். அதே நேரம், பெரிய தாடை உள்ள நாய் ஒருமுறை தவறினாலும் விளைவு பெரியது. அப்படிப்பட்ட நாயைப் பொது இடத்தில் கயிறும் வாய்ப்பூட்டும் இல்லாமல் விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

செவலைக்கு மூன்று வாரம் காதைச் சுத்தம் செய்து மருந்து விட்டோம். மருந்து டாக்டர் எழுதிக் கொடுத்தது. (கடையில் நிறையப் பேர் வீட்டில் கிடக்கும் காது மருந்தையும் வலி மாத்திரையையும் நாய்க்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.) நாலாவது வாரம் வாடை போய்விட்டது, தலை உதறுவதும் நின்றது. ஆனால் கையைக் காதுப் பக்கம் கொண்டுபோனால் உடம்பு விறைப்பது நிற்கவில்லை. வலி போய்விட்டது, வலி வரும் என்ற பயம் அங்கேயே இருந்தது.

அதற்கு டாக்டர் சொன்ன வழி: முதலில் கை, பிறகு ஈரல். வேகவைத்த ஆட்டு ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்வேன். தோளைத் தொடுவேன், ஒரு துண்டு. மறுபடி தோள், ஒரு துண்டு. ஈரலைக் காட்டிவிட்டுத் தொடக்கூடாது, தொட்ட பிறகுதான் ஈரல் வரவேண்டும். அப்போதுதான் கை வருவது நல்ல சேதி என்று அவன் மனசில் பதியும். அவன் உதட்டை நக்கினால் அன்றைக்கு அதோடு சரி. தோளிலிருந்து கழுத்துக்கு வர மூன்று வாரம். கழுத்திலிருந்து காது மடலுக்கு வர இரண்டு மாசத்துக்கு மேல். சாப்பாட்டுத் தட்டுக்கும் இதே மாதிரிதான். தட்டை எடுப்பதற்குப் பதிலாக, கடந்து போகும்போது தூரத்திலிருந்தே அதைவிட நல்லதாக ஒரு துண்டைத் தட்டில் போட்டுவிட்டுப் போவோம். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, தட்டில் போட்ட ஈரல் சோற்றைவிட அதிகமாகிவிட்டது.

எல்லா நாயும் இப்படித் திரும்பி வரும் என்று சொல்ல மாட்டேன். மூளையில் கோளாறு, வலிப்பு என்று மருந்துக்கு அடங்காத காரணங்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மருத்துவர் எல்லாம் செய்து பார்த்த பிறகு, தங்கள் நாயை ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைக்க முடிவெடுத்தது. அவர்களை யாரும் குறை சொல்லக்கூடாது.

தங்கச்சி மகன் ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இப்போது வருகிறான். பண்டிகை என்றால் செவலைக்குப் பின்கட்டு அறை, மின்விசிறி, கடிக்க ஒரு எலும்பு, கதவில் தாழ்ப்பாள். பிள்ளைகளோடு அவனைத் தனியாக ஒரு நிமிஷம்கூட விடுவதில்லை. மாலை போடுவதையும் நிறுத்திவிட்டோம். அம்மா நெற்றியில் ஒரு பொட்டு மட்டும் வைக்கிறார், அதுவும் அவன் தானாக வந்து நின்றால்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வழக்கம்போல அவன் காதைத் துடைக்க உட்கார்ந்தேன். இடது காது முடிந்தது. வலது காதில் பஞ்சை வைத்ததும் முகத்தைத் திருப்பினான், அப்புறம் அடித்தொண்டையிலிருந்து மெல்ல உறுமினான். இரண்டரை வருஷம் கழித்து முதல் தடவை. சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். நான் கையை எடுத்துவிட்டேன். "சரிடா, சரிடா" என்று சொல்லி இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவனே எழுந்து வந்து என் முழங்காலில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டான். டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே லேசாகச் சிவந்திருந்தது. காலையில் கடையைத் திறக்காமல் இரண்டு பேரும் தேனிக்குக் கிளம்பினோம்.